பின் கேட்

கீதாஞ்சலி: கம்பெனியில அஞ்சரை பெல் அடிச்சு எத்தன நேரமாச்சுங்க? இப்பத்தான் ஆடி அசைஞ்சு வாறீங்க.

சிவபிரகாஷ்: வேன நிறுத்திப்போட்டு வர வேண்டாமா?

கீதாஞ்சலி: எங்க நிறுத்துனீங்க?

சிவபிரகாஷ்: பல்லடம் ரோட்டுல, வாடகை எடத்துல. அங்கிருந்து நடந்தே வாறேன். காலு போச்சு.

கீதாஞ்சலி: இத்தன வருசமா பள்ளிக்கூட மைதானத்துல சொகுசா நிறுத்துனீங்க. இனி கொஞ்சம் நடங்க, தொப்பை கொறையும்.

சிவபிரகாஷ்: மெதுவாப் பேசு புள்ள. கேட்டுப் பக்கம் நிக்கற எல்லாருக்கும் காது இருக்குது... ஏன், இத்தன கூட்டமா?

கீதாஞ்சலி: மண்ணரையில பாதி இங்கதான் நிக்குது. நம்ம லைன் ஊட்டுப் பொடுசுக, பீகார்க்காரங்க புள்ளைங்க, அந்தப் பக்கத்துத் தெருவே காலியாகி வந்துருச்சு.

சிவபிரகாஷ்: பெரிய ஆளுகளும் நிக்கறாங்களே. அது நம்ம ஆறுச்சாமி அண்ணன்தான? அவரு எதுக்கு ஷூ போட்டுட்டு நிக்கறாரு?

கீதாஞ்சலி: சர்க்கரைக்கு நடக்கோணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். ரோட்டுல நடந்தா லாரிக்காரன் வையறானாம். பேச்ச மாத்தாதீங்க... தொறப்புக்குச்சி எங்க?

சிவபிரகாஷ்: எந்தத் தொறப்புக்குச்சி?

கீதாஞ்சலி: ஏனுங்க, வெளையாடாதீங்க. இந்தப் பின் கேட்டுச் சாவி. உங்க கம்பெனி செக்யூரிட்டி ரூமு ஆணியில தொங்கறது. சாயங்காலம் குடுத்தனுப்பறேன்னு உங்க மொதலாளி ஹெச்எம் டீச்சருகிட்ட ஒத்துக்கிட்டாரு.

சிவபிரகாஷ்: ஒத்துக்கிட்டாரு...

கீதாஞ்சலி: என்னுங்க, இழுக்கறீங்க?

சிவபிரகாஷ்: மைதானத்த எத்தன மணிக்குத் தொறக்கோணும்னு கல்வி ஆபீசு ஆர்டர்ல போட்டிருக்குது?

கீதாஞ்சலி: ஆறு மணிக்கு. பள்ளிக்கூடத்துக் கட்டடத்துப் பக்கம் முன் கேட்டு பூட்டியே இருக்கோணும். இந்தப் பின் கேட்டு மட்டுந்தான். ஹெச்எம் டீச்சர் வந்து நிக்கறப்பத் தொறக்கோணுமாம். மொத நாளே தொறக்க முடியலைன்னா, நடத்த ஆளில்லைன்னு எழுதி மேல அனுப்பிருவாங்க.

சிவபிரகாஷ்: அப்ப டீச்சர் வரட்டும். நேரமிருக்குது. அதுக்குள்ள அந்தக் கதையச் சொல்லு.

கீதாஞ்சலி: எந்தக் கதை?

சிவபிரகாஷ்: கல்வி ஆபீசுல இருந்து மேடம் வந்து மைதானத்தப் பாத்தாங்களே... அது.

கீதாஞ்சலி: இன்னொருக்காவா? அன்னிக்கிருந்து தெனமும் ராத்திரி கேக்கறீங்க.

சிவபிரகாஷ்: நாந்தான் அங்க இல்லையே. ஒரு படத்த ரெண்டாம் வாட்டி பாக்கறதில்லையா? நீயும் ஒவ்வொருக்காச் சொல்றப்பவும் எதாவது ஒண்ண விட்டுப்போடற.

கீதாஞ்சலி: சாவியக் குடுங்க, சொல்றேன்.

சிவபிரகாஷ்: சொல்லு, குடுக்கறேன்.

யாழினி: அம்மா, எப்பம்மா தொறப்பீங்க? மோனிஷாவத் தூக்கிட்டு வந்து ஒக்கார வெச்சிருக்கோம். அவளுக்கு நெழல்ல எடம் வேணுமாம்.

கீதாஞ்சலி: இருடா கண்ணு. உங்கப்பா மனசு வெச்சா தொறந்துரலாம். அவ காலக் கீழ ஊண வேண்டாம்னு சொல்லு... பாருங்க, அந்தப் புள்ளையில இருந்துதான எல்லாமே.

சிவபிரகாஷ்: அதுல இருந்தே ஆரம்பி.

கீதாஞ்சலி: உங்களோட... சரி. சந்துல நொண்டி வெளையாடிட்டு இருந்த புள்ள. பைக்குல கட்டிங் பீஸ் துணி மூட்டைய முன்னாலயும் பின்னாலயும் ஏத்திட்டு வந்தவனுக்கு ரோடே தெரியல, புள்ளையா தெரியப் போகுது? மோதுனதுல காலு ரெண்டு எடத்துல முறிஞ்சு போச்சு. சந்துக்கு ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துச் சொவரு. சொவத்துக்கு அந்தப் பக்கம் அத்தாம் பெரிய கிரவுண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் காக்கா மேயுது. இது எந்த ஊரு நாயமுங்க?

சிவபிரகாஷ்: இப்படித்தான் மீட்டிங்லயும் கேட்டயா?

கீதாஞ்சலி: மொத மீட்டிங்ல எங்க கேட்டேன், நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். பள்ளிக்கூட மேலாண்மைக் குழுவுக்குப் பெத்த தாய்தான் தலைவியா இருக்கோணும்னு கவர்மெண்டு சொல்லிருச்சு. ஒருத்தியும் வர மாட்டேன்னாளுக. பனியன் கம்பெனி செக்கிங்ல குனிஞ்ச தலை நிமிராம பீஸ் பாக்கறவ, வாயில்லாதவன்னு நெனச்சு என்னைய இழுத்து ஒக்கார வெச்சாங்க.

சிவபிரகாஷ்: ஊட்டுல ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், வாயிருக்குதா இல்லையான்னு.

கீதாஞ்சலி: சொல்லுவீங்க, சொல்லுவீங்க... அடுத்த மீட்டிங்ல மைதானத்தத் தொறக்கோணும்னு கேட்டேன், உங்க மொதலாளி ஈஸ்வரமூர்த்தி எந்திரிச்சாரு. அவரு அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, கமிட்டியில ஒரு ஆளு, காம்பவுண்டுச் சொவரு அவரு உபயம். மணி அடிச்சு புள்ளைங்க வெளிய போயிட்டா, அப்பறம் ஒரு ஈ காக்கா உள்ள காலெடுத்து வெச்சதில்லை, அதுதான் நம்ம பள்ளிக்கூடத்து ஒழுக்கம்னாரு. தொறந்து விட்டா யாரு யாரோ வருவாங்க, பாட்டில ஒடச்சுப் போடுவாங்கன்னாரு.

சிவபிரகாஷ்: அதுக்கு?

கீதாஞ்சலி: அந்த யாரு யாரோட புள்ளைங்கதானுங்க இந்தப் பள்ளிக்கூடத்துல பாதின்னு சொன்னேன். ஹெச்எம் டீச்சர் தலைய ஆட்டிப்போட்டாங்க. அப்பறம் அவரு மொறைச்சதும் ஆட்டறத நிறுத்திட்டாங்க.

சிவபிரகாஷ்: பாவம் அந்தம்மா.

கீதாஞ்சலி: பாவந்தான். எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எந்தலைதான உருளும் கீதாஞ்சலின்னு தனியாக் கூப்புட்டு அழுவாத கொறையாச் சொன்னாங்க. தப்பில்லைங்க... ஆனா எனக்கு வந்த ஆத்தரம் அவங்க மேல இல்ல. உங்க மேல.

சிவபிரகாஷ்: நான் என்ன பண்ணுனேன்?

கீதாஞ்சலி: ஈ காக்கா போனதில்லைன்னு அவரு சொல்றாரு. அவரு கம்பெனி வேனு மூணும் தெனமும் ராத்திரி உள்ளதான் நிக்குது. விடியறதுக்குள்ள வெளிய போயிருது. மண்ணு காங்கிரீட்டு மாதிரி கெட்டி, தடமும் விழாது. அதுல ஒரு வேன ஓட்டறது எம்பட ஊட்டுக்காரரு. நுனி நாக்குல நிக்குது. சொல்ல முடியல. ஏன்?

சிவபிரகாஷ்: நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்.

கீதாஞ்சலி: சொல்ல வேண்டாம்னு மட்டுமா? வேனப் பத்தி வாயத் தொறந்தயினா நாளைக்கே நம்ம பொழப்பு போயிரும், வாடகையும் பள்ளிக்கூடச் செலவும் ஆரு பாப்பாங்கன்னு, முருகன் படத்து மேல கைய வெக்கச் சொன்னீங்க.

சிவபிரகாஷ்: வேற வழி?

கீதாஞ்சலி: நானும் கடைசி வரைக்கும் தொறக்கல. அத மட்டும் மறந்துராதீங்க.

சிவபிரகாஷ்: மறக்கல புள்ள... மேடம் வந்ததச் சொல்லு.

கீதாஞ்சலி: வந்தாங்க. நாங்க பொம்பளைங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புன மனுவ ஒருத்தரு பாப்பாங்கன்னே நான் நெனைக்கல. உங்க மொதலாளிக்கு முன்னாலயே சேதி தெரிஞ்சு போச்சு.

சிவபிரகாஷ்: தெரிஞ்சுதான் ரெண்டு நாளைக்கு மிந்தியே எங்களக் கூப்புட்டு, ஒரு வேனும் உள்ள போகக்கூடாது, எல்லாத்தையும் கம்பெனி வாசல்லயே நிறுத்துங்கன்னாரு. ஒரு ஆயில் சொட்டு இல்லாம மண்ணு போட்டு மூட வெச்சாரு.

கீதாஞ்சலி: அதனாலதான் அவரு வெள்ள வேட்டியோட அத்தன தெம்பா வந்து நின்னாரு. மேடம் ஆபீஸ் ரூம்லயே எல்லாத்தையும் கேட்டாங்க. இவரு பழைய பாட்டையே பாடுனாரு, மணி அடிச்சா ஈ காக்கா இல்லைன்னு. சரி, மைதானத்தப் பாக்கலாம்னு எந்திரிச்சாங்க. மிந்தின நாளு பொழுதோட நல்ல மழை. பாதி மைதானம் சேறு. சேலையத் தூக்கிப் புடிச்சுட்டு நடந்தாங்க. நான் பொறகாலயே போறேன். திடீர்னு நின்னுட்டாங்க.

சிவபிரகாஷ்: ம்.

கீதாஞ்சலி: சிரிக்காதீங்க.

சிவபிரகாஷ்: ஆரு சிரிச்சா? நீ சொல்லு.

கீதாஞ்சலி: சக்கரத் தடமுங்க. இந்தப் பின் கேட்டுல இருந்து பொறப்பட்டு, மைதானத்த ஒரு சுத்து சுத்தி, வேப்ப மரத்தோரம் நின்னு, மறுக்கா கேட்டுக்கே போயிருக்குது. கோலம் போட்ட மாதிரி சுத்தமா இருந்துச்சு. இது என்னன்னு மேடம் கேட்டாங்க. உங்க மொதலாளி வானத்தப் பாத்தாரு. அப்பறம், தண்ணி லாரி வந்திருக்கும்ங்க மேடம், டேங்குல தண்ணி ஊத்தன்னாரு.

சிவபிரகாஷ்: அங்கதான் மாட்டுனாரு.

கீதாஞ்சலி: மாட்டுனாரு. ஹெச்எம் டீச்சர் அத்தன நாளும் வாயே தொறக்காதவங்க, பொய்யச் சொல்லிப் பழக்கமில்லாதவங்க. தண்ணி லாரி முன் கேட்டுலதான வருமுங்க, டேங்கும் முன்னாலதான இருக்குதுன்னாங்க. சொல்லிட்டு அவங்களே வாயப் பொத்திக்கிட்டாங்க. மேடம் தடத்தப் புடிச்சுக்கிட்டே கேட்டு வரைக்கும் நடந்தாங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனி சந்து. வேற எங்கயும் வழியில்லை.

சிவபிரகாஷ்: அப்பறம் உன்னையக் கேட்டாங்க.

கீதாஞ்சலி: கேட்டாங்க. நீங்க தலைவி, உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு. எனக்கு முருகன் படம் கண்ணுல வந்து நிக்குது. நீங்க வந்து நிக்கறீங்க.

சிவபிரகாஷ்: என்ன சொன்ன? அந்த வார்த்தைய அப்படியே சொல்லு.

கீதாஞ்சலி: எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க மேடம்னேன். வேனு நுழையற அளவுக்குக் கேட்டு அகலமா இருக்குதுங்களே, பொடுசுக நுழையறதுக்குப் பத்தாதுங்களான்னு கேட்டேன்.

சிவபிரகாஷ்: அதான். அந்த எடந்தான்.

கீதாஞ்சலி: மேடம் சிரிக்கல. என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. அப்பறம் மொதலாளியப் பாத்து, பள்ளிக்கூடம் விட்டப்பறம் இந்த எடம் ஏற்கெனவே தொறந்துதான் இருக்குதுங்க ஐயா, யாருக்குத் தொறக்கறதுங்கறது மட்டுந்தான் இனி முடிவு பண்ணோணும்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. ஆனா கேட்டுக்கு வெளிய நின்ன பொம்பளைங்க அத்தன பேருக்கும் கேட்டுச்சு. ஒருத்தி கை தட்டுனா. அப்பறம் நிக்கவே இல்லை.

சிவபிரகாஷ்: கம்பெனி வரைக்கும் கேட்டுச்சு. லோடு ஏத்திட்டு இருந்தோம்.

கீதாஞ்சலி: ஆர்டரு வர்ற வரைக்கும் நான் நம்பல. சரி, கத முடிஞ்சுது. சாவி.

சிவபிரகாஷ்: எம்பட கதையையும் கேளு. இன்னிக்கு நாலு மணிக்கு நடந்தது.

கீதாஞ்சலி: ஏனுங்க, உசுர வாங்காதீங்க. சாவி இருக்குதா இல்லையா?

சிவபிரகாஷ்: நாலு மணி வரைக்கும் இல்லை. மேனேஜர் கந்தவேலண்ணன், சாவி தொலஞ்சு போச்சுன்னு சொல்லிரலாமுங்கன்னாரு. இவங்க பூட்ட ஒடைக்க மாட்டாங்க, ஒடச்சா போலீசு கம்ப்ளைண்டு. ஆறு மணிக்குத் தொறக்கலைன்னா டீச்சரே எழுதி அனுப்பிருவாங்க, ஆர்டரு போயிரும்னாரு. மொதலாளியும் தாடையச் சொறிஞ்சுக்கிட்டு யோசிச்சாரு. நான் டீ டம்ளரோட நிக்கறேன். டீ ஆறிப்போச்சு.

கீதாஞ்சலி: அட கெரகமே... நீங்க ஒண்ணும் பேசலையா?

சிவபிரகாஷ்: என்ன பேசறது? ஏற்கெனவே எங்க மூணு டிரைவரையும் வரிசையா நிக்க வெச்சு, அந்தத் தடம் எப்படி வந்துச்சுன்னு குடைஞ்செடுத்தாரு. பழைய தடமா இருக்குமுங்கன்னு மூணு பேரும் ஒட்டுக்காச் சொன்னோம். நம்பவே இல்லை. அதுக்கு மேல நான் வாயத் தொறந்தா, வேல அங்கயே முடிஞ்சுது.

கீதாஞ்சலி: அப்பறம் என்னதான் ஆச்சு?

சிவபிரகாஷ்: மொதலாளியோட பேரன் வந்தான். யுவன். பள்ளிக்கூட பஸ்ல இருந்து எறங்குனதும் நேரா ஆபீசுக்குள்ள வந்து, பேட்டெடுத்துட்டு நிக்கறான். அப்புச்சி, பின்னால கிரவுண்டு தொறக்கறாங்களாம், எல்லாரும் போறாங்க, நானும் போறேன்னான். அங்க போகக்கூடாது கண்ணு, ஊட்டு மாடியில வெளையாடுன்னாரு. மாடியில யாரு கூட அப்புச்சி வெளையாடறதுன்னு கேட்டான்.

கீதாஞ்சலி: கேட்டானா?

சிவபிரகாஷ்: கந்தவேலண்ணன் மறுக்காத் தொலஞ்சு போச்சுன்னு ஆரம்பிச்சாரு. சித்தெ சும்மா இருய்யான்னுட்டு, ஆணியில இருந்து அவரே எடுத்தாரு. எங்கையில குடுத்து, உம்பட ஊட்டுக்காரிகிட்ட நீயே குடுன்னாரு. இந்தா.

கீதாஞ்சலி: இத மொதல்லயே குடுத்திருந்தா என்னவாமுங்க? இத்தன நேரம் கதை சொல்ல வெச்சுக்கிட்டு.

சிவபிரகாஷ்: இரு, முடியல. கம்பெனி வாசல் வரைக்கும் போயிட்டேன், மறுக்காக் கூப்புட்டாரு. பூட்டு எம்பட காசுல வாங்குனது, பூட்டக் கழட்டிட்டு வந்து குடுத்துருன்னாரு.

கீதாஞ்சலி: பூட்டையா?

சிவபிரகாஷ்: பூட்டைத்தான்.

கீதாஞ்சலி: அப்ப இந்தச் சாவிய வெச்சு நான் என்ன பண்றது?

சிவபிரகாஷ்: ஒரு வாட்டி தொறந்துக்க. அப்பறம் அவரு பேரனுக்கு வெளையாட்டுச் சாமானாக் குடுக்கலாம்.

கீதாஞ்சலி: கழட்டிக் குடுங்க, தாராளமாக் குடுங்க. நாளைக்கு நம்ம லைன் ஊட்டுக்காரங்க எல்லாரும் சேந்து புதுசா ஒண்ணு வாங்கிக்கறோம். நம்ம பூட்டு, நம்ம சாவி... அப்ப அந்தப் பெரிய பேட்டோட மொத ஆளா நிக்கறானே, அவந்தான் யுவனா?

சிவபிரகாஷ்: அவனேதான். அவனுக்குப் பின்னால நிக்கற பீகார்ப் பையன் பந்து போடறதா இப்பவே பேச்சு முடிஞ்சாச்சு போல.

யாழினி: அம்மா, ஹெச்எம் மிஸ் வந்துட்டாங்க. தொறக்கச் சொல்றாங்க. மிஸ் சிரிக்கறாங்கம்மா.

கீதாஞ்சலி: வாங்க, வாங்க. நீங்களே தொறங்க.

சிவபிரகாஷ்: நானா? தலைவி நீ. நீ தொற.

கீதாஞ்சலி: எனக்கு இந்தப் பூட்டு பழக்கமில்லைங்க.

சிவபிரகாஷ்: பழகிக்க. சாவிய உள்ள விட்டு எடப் பக்கமாத் திருப்பு... இன்னும்... அதான்.

யாழினி: தொறந்துருச்சு. டேய், தள்ளாதீங்கடா, மோனிஷாவுக்கு வழி விடுங்க, அவ மொதல்ல.

கீதாஞ்சலி: பாத்து, பாத்து. கண்ணு, அந்தச் சேரத் தூக்கிட்டு வேப்ப மரத்தோரம் போடு... ஏனுங்க, பாருங்க. எப்படி ஓடுதுக பாருங்க. ஒண்ணுக்கும் எங்க போறதுன்னே தெரியல, சும்மா ஓடுதுக.

சிவபிரகாஷ்: ஆறுச்சாமி அண்ணனும் ஓடறாரு.

கீதாஞ்சலி: அவரு நடக்கறாருங்க.

சிவபிரகாஷ்: அவருக்கு அது ஓட்டந்தான்... ஏம்புள்ள, அழுவறயா?

கீதாஞ்சலி: தூசி.

சிவபிரகாஷ்: சரி, தூசி. தலைவி ஜெயிச்சுட்ட. நம்ம யாழினி சந்துல வெளையாடறான்னு, வண்டி ஓட்டறப்பெல்லாம் இனிமே நான் பயந்துக்கிட்டே இருக்க வேண்டாம்.

கீதாஞ்சலி: உங்களுக்கும் பயம் இருந்துச்சா? ஒரு நாளும் சொன்னதில்லையே.

சிவபிரகாஷ்: எதுக்குச் சொல்றது? எல்லாம் முருகன் செயல். அன்னிக்கு அந்த மழை மட்டும் பேயலைன்னா இன்னிக்கு இந்தக் கேட்டு தொறந்திருக்காது.

கீதாஞ்சலி: மழைய முருகன் அனுப்பியிருப்பாருங்க. வேன ஆரு ஓட்டுனா?

சிவபிரகாஷ்: அதான் சொன்னனே, பழைய தடமா இருக்குமுன்னு...

கீதாஞ்சலி: வேனு வெளிய போனதுக்குப் பொறகு பேஞ்ச மழையில, பழைய தடம் எப்படிங்க விழும்? மேடம் வந்த அன்னிக்குக் காலையில ட்ரிப்பு முடிச்சுச் சாப்புட வந்தீங்களே, அப்பவே உங்க செருப்புல அந்த மைதானத்துச் செம்மண்ணு சேறப் பாத்துட்டேன். நீங்க சித்தெ படுத்து எந்திரிக்கறதுக்குள்ள கழுவி, அடுப்போரத்துல காய வெச்சேன். அன்னிக்குப் பொழுதோட உங்க கந்தவேலண்ணன் குடிக்கத் தண்ணி கேக்கற சாக்குல வந்து, வாசல்ல கெடந்த செருப்பையெல்லாம் பொறட்டிப் பொறட்டிப் பாத்துட்டுப் போனாரு. நான் ஒண்ணுந் தெரியாத மாதிரி தண்ணி மோந்து குடுத்தேன். நீங்களும் சொல்லல, நானும் கேக்கல. இப்பக் கேக்கறேன்... பொழப்பு போயிரும்னு எம்பட வாயக் கட்டிப் போட்டீங்களே, நீங்க எந்தத் தைரியத்துலீங்க அந்த வேன உள்ள ஓட்டுனீங்க?